இடப்பக்கத்துப் பை

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள் ஜெசிந்தா. ஸ்கேன் எடுக்கிற பெண். சின்னப் பெண்தான், என் மகள் தர்ஷினியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "மூச்சை மெதுவா விடுங்கம்மா. இருமல் வர்ற மாதிரி இருந்தா இந்தப் பந்தை அமுக்கிருங்க, நான் வந்துருவேன்" என்றாள். பந்து கையில் இருக்கிறது. ரப்பர் பந்து, ஏற்கெனவே வியர்வையில் வழுக்குகிறது. நான் குப்புறப் படுத்திருக்கிறேன். இந்தப் படுக்கையில் நெஞ்சுக்கு நேராக இரண்டு பள்ளம் வைத்திருக்கிறார்கள், அதற்குள் இரண்டும் தொங்குகின்றன, என்னுடையது ஒன்று, வைத்தது ஒன்று. கைகள் தலைக்கு முன்னால் நீண்டு கிடக்கின்றன. நெற்றி ஒரு வளையத்தில் அழுந்துகிறது. கண்ணைத் திறந்தால் வெள்ளை பிளாஸ்டிக், மூடினால் சத்தம். காதில் எதையோ மாட்டித்தான் விட்டாள், ஆனாலும் மண்டைக்குள் யாரோ தகரத்தை அடிக்கிறார்கள், டக் டக் டக், பிறகு ஒரு நீள இழுவை, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் மோசம். முடிந்துவிட்டது போலும் என்று நினைக்க வைத்து மறுபடி ஆரம்பிக்கிறது. கழுத்து வெறுமையாக இருக்கிறது. தாலியைக் கழற்றி இவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், மெட்டியைச் சோப்புப் போட்டுத்தான் உருவ முடிந்தது. உடம்புக்குள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள் ஜெசிந்தா, எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, இரும்பா, ஸ்டீலா, பேஸ்மேக்கரா. அதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறேன் என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்.

மதுரை ஸ்டேஷன் விசாரணைக் கவுண்ட்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன். வண்டி வருமா, எப்போ வரும், எந்த பிளாட்பாரம், லேட்டுன்னா எவ்வளவு லேட்டு. ஒரே ஆள் மூன்று தடவை வந்து கேட்பார். முதல் தடவை சொன்ன பதிலேதான் மூன்றாம் தடவையும், இருந்தாலும் கேட்பார், பதில் மாறியிருக்கும் என்று அல்ல, கேட்காமல் நிற்க முடியாமல். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல் வரும். இப்போது டாக்டர் ஷாஹிதாவிடம் நானும் அப்படித்தான் கேட்டேன். "அது புற்றுநோயா இருக்குமா டாக்டர்?" "ரொம்ப அபூர்வம்மா." "இருக்குமா?" "அபூர்வம்னு சொன்னேன்ல." "அப்போ இருக்கலாம்." அவர் என் கையைத் தொட்டார். அதற்குப் பிறகு என்ன கேட்பது. அபூர்வம் என்றால் யாருக்கோ வந்திருக்கிறது. அந்த யாரோவும் இப்படி ஒரு குழாய்க்குள் குப்புறப் படுத்து, அபூர்வம் அபூர்வம் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். முதல் தடவை எனக்கு மார்பில் கட்டி வந்தபோதும் அதைத்தானே சொன்னார்கள், குடும்பத்தில் யாருக்கும் இல்லை, வயசும் நாற்பதுதான், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்தப் பெரும்பாலும் என்பதில் நான் சேரவில்லை. டக் டக் டக். ஒரு தடவை சேராமல் போனவள் இந்தத் தடவை மட்டும் சேர்ந்துவிடுவாளா.

இடப்பக்கம் சில்லிட்டுப் போய்விட்டது. வெளியே தோல் சில்லிடுவது தெரியாது, அங்கே உணர்ச்சி இல்லை, எல்லாவற்றையும் வழித்து எடுத்தபோது அதுவும் போய்விட்டது. உள்ளேதான் தெரிகிறது, நெஞ்செலும்புக்கு மேலே ஒரு குளிர்ந்த கல்லை வைத்த மாதிரி. மார்கழியில் அப்படித்தான் இருக்கும், போர்த்திப் படுத்தால் உடம்பு முழுக்கச் சூடேறிய பிறகு கடைசியில் அது சூடாகும். ஒருநாள் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தபோது ஆவி அடித்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது, மறுநாள் குளிக்கும்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரோ ஒருத்தியின் கொப்புளம் மாதிரி அதைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியாத இடத்தில்தான் போன மாதம் என்னமோ தெரிந்தது. வலி இல்லை. இறுக்கம். ஜாக்கெட்டில் இடப்பக்கம் ஊக்கு எட்டவில்லை. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று வேறு ஜாக்கெட்டைப் போட்டேன், அதுவும் எட்டவில்லை, அப்புறம் இன்னொன்று. ஒரே வாரத்தில் இடது வலதைவிடப் பெரிதாக, உருண்டையாக, கழுத்துப் பக்கம் ஏறி நின்றது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் இரண்டையும் ஏந்திப் பார்த்தேன். தண்ணீர் கோத்த மாதிரி ஒரு தளும்பல். ஆறு வருஷமாகச் சும்மா இருந்தது இப்போது ஏன் எழுந்திருக்கிறது என்று நினைத்தேன், தூங்கின பிள்ளையைப் பற்றி நினைக்கிற மாதிரி.

மார்புக்குள் வைக்கிற பையைப் பற்றிப் போனில் தேடினேன். தேடக் கூடாது என்று தர்ஷினி கோயம்புத்தூரிலிருந்து கத்துவாள், அதனால் அவளுக்குச் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று ஒரு பக்கம் வந்தது. என்னைப் போல எத்தனை பேர் அடிக்கடி கேட்கிறார்கள். எத்தனை வகை உண்டு? இது எவ்வளவு காலம் உழைக்கும்? உடைந்தால் தெரியுமா? உடைந்தால் உடம்புக்குள் போய்விடுமா? விமானத்தில் போனால் வெடிக்குமா? இதை யார் கேட்டிருப்பாள், விமானத்தில் போகிறவள் கேட்டிருப்பாள், நான் ரயிலோடு சரி. ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் பதமாக, மெத்தென்று ஒரு பதில், எல்லாப் பதிலும் கடைசியில் உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும் என்று முடிந்தது. நான் கவுண்ட்டரில் சொல்வேனே, அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருங்கள் என்று, அந்த மாதிரி. அதில் இல்லாத கேள்வி ஒன்றுதான் எனக்கு இருந்தது. ஆசைப்பட்டு வைத்துக்கொண்டவளுக்கு இது வந்தால் அவள் யாரிடம் போய் அழுவது?

ஆசைப்பட்டுத்தான் வைத்துக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. இவருடைய அக்கா பாண்டியம்மாள் மதினி அன்றைக்கே கேட்டார், கூடத்தில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல். "உசுரு தப்புனதே பெருசு. புள்ளைக்குப் பால் குடுத்து முடிஞ்ச வயசுல இது எதுக்குத்தா?"  கீமோ ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த ரெஜினாவும் வேண்டாம் என்றுதான் சொன்னாள், ஆனால் அவள் சொன்ன விதம் வேறு. "எனக்கு வேணாம்க்கா. மறுபடி கத்தி, மறுபடி டியூபு, யாரால முடியும்? ஒரு பஞ்சு மெத்தையை வச்சுத் தச்சுக்கிட்டேன், பாடியைக் கழட்டும்போது அதுவும் கழண்டுரும், நிம்மதி." அவள் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று பாடுகிறாள். ஒரு பக்கம் தட்டையாக, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. அவளுக்கு முடிந்தது எனக்கு முடியவில்லை. நானும் பஞ்சுதான் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருநாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன், பஞ்சு நழுவிக் கழுத்தெலும்பு வரை ஏறி நின்றிருக்கிறது, தெரியாமல் திருநெல்வேலி வண்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்தபடியே தன் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். ஏன் இப்படி இழுக்கிறார் என்று பார்த்தேன். பிறகுதான் எனக்காக இழுக்கிறார் என்று புரிந்தது. யாராவது சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அம்மாவின் நல்ல மனசைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இவரிடம் சொன்னேன், நான் வச்சுக்கிறேன். "உனக்கு எது சரின்னு படுதோ" என்றார். மின்வாரியத்தில் கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்குகிற மனுஷர், பேச்சு அவ்வளவுதான்.

மறுபடி இழுவைச் சத்தம். மூக்கு நுனியில் அரிக்கிறது. சொரியக் கூடாது. மூக்கு என்று நினைக்கக் கூடாது, வேறு எதையாவது நினைக்க வேண்டும். அப்போது இருந்த பெரிய டாக்டர் மேசைமேல் பைகளை எடுத்து வைத்தாரே. ஒன்று உப்புத்தண்ணீர் நிரப்புவது, ஒன்று சிலிக்கோன் ஜெல். தண்ணீர்ப் பை உடைந்தால் காற்றுப் போன மாதிரி சூம்பிவிடும், கண்ணுக்குத் தெரிந்துவிடும், தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் தொட்டால் தண்ணீர் மாதிரியே இருக்கும், ஓரம் மடிந்து மடிந்து தெரியும். ஜெல் அப்படியில்லை, சதை மாதிரி. கிழிந்தாலும் வெளியே தெரியாது, அதனால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கையில் வாங்கி அழுத்திப் பார்த்தேன். தோசை மாவு வைத்த பாலிதீன் பை மாதிரி கனமாக, விரலுக்கு விட்டுக்கொடுத்து, விட்டதும் திரும்பி வந்தது. ஒன்று வழவழவென்று இருந்தது, இன்னொன்று மேலே சொரசொரவென்று. "வழவழப்பானது சில பேருக்கு உள்ளே திரும்பிக்கும். சொரசொரப்பானது சதையில ஒட்டிக்கிட்டு வச்ச இடத்திலேயே நிக்கும்" என்றார். நின்றால் போதும் என்று சொரசொரப்பானதையே கேட்டேன். ஏறி ஏறி நழுவின பஞ்சு அல்லவா என் நினைப்பில் இருந்தது. ஆயுசுக்கும் இருக்குமா என்று கேட்டேன். "ஆயுசுக்கும்னு யாரும் சொல்ல முடியாதும்மா. என்னைக்காவது மாத்த வேண்டி வரலாம்." அதைக் கேட்டேன், நன்றாகக் கேட்டேன், ஆனால் காதில்தான் விழுந்தது. அந்தச் சொரசொரப்புத்தான் இப்போது சந்தேகத்தில் இருக்கிறது. அந்த மாதிரிப் பையைச் சுற்றித்தான் சில பேருக்கு, பல வருஷம் கழித்து, நீர் கோத்து, அந்த நீருக்குள் கெட்ட அணுக்கள். மார்பகப் புற்றுநோய் இல்லை இது, வேறு, ரத்தத்து வெள்ளணுக்களில் வருவது என்றார் ஷாஹிதா டாக்டர். அப்போது இதெல்லாம் இங்கே பரவலாகத் தெரியாது, பெரிய டாக்டரைக் குறை சொல்ல முடியாது என்றார். நான் குறை சொல்லவில்லை. யாரையாவது குறை சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

முதலில் ஒரு பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் உப்புத்தண்ணீர் ஏற்றித் தோலை விரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பேன், நெஞ்சில் யாரோ பலகையை இறுக்கிக் கட்டின மாதிரி. அதைச் சொன்னால் வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பலூனை எடுத்துவிட்டுப் பை. தையல் பிரித்துப் புண் ஆறின பிறகு ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை, மயில்கழுத்துக் கலர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இரண்டு பக்கமும் நிறைந்து நின்றது. பக்கவாட்டில் திரும்பினேன். மறுபக்கம் திரும்பினேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், எதுவும் எங்கும் போகவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டேன். கட்டி போனபோது, ஊசி எல்லாம் முடிந்தபோது, இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. உயிர் மிச்சம் ஆனதற்குச் சிரிக்காதவள் இதற்குச் சிரித்தேன்.  மதினிக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார். ஒன்றும் சொல்ல மாட்டார், பூத் தொடுத்துக்கொண்டிருப்பார். உடம்புக்குள் இருந்ததை எடுத்து நோயைத் தீர்த்தார்கள், நானாகப் போய் வெளியே இருந்ததை உள்ளே வைத்து இன்னொரு நோயை வாங்கியிருக்கிறேன் என்றால், இருக்கட்டும், அபூர்வம் என்றாரே, என்றாலும் வாங்கியிருக்கிறேன் என்றால், தர்ஷினியிடம் என்னவென்று சொல்வது. அம்மா அழகுக்காகச் செத்தாள் என்றா. அழகு இல்லை அது. அழகு இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது, எனக்கே அதற்கு வார்த்தை இல்லையே, முந்தானையை இழுக்காமல் ஒரு நாளைக் கழிப்பதற்கு என்ன பெயர்.

போன வாரம் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். வெளிறிய மஞ்சளாக, கஞ்சித்தண்ணீர் மாதிரி. கலங்கியிருக்கிறதே, அது கெட்டதா என்றேன். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார். இன்னும் வரவில்லை. வெளியூர் லேப். வரும் என்கிறார்கள். டக் டக் டக். பந்தை அமுக்கிவிடலாமா. அமுக்கினால் ஜெசிந்தா ஓடி வருவாள், வெளியே இழுப்பாள், நான் எழுந்து உட்காருவேன், புடவையைக் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். அப்போதும் இது என்னோடுதான் வரும். எங்கே ஓடினாலும் எனக்கு ஒரு அடி முன்னால் போய்க்கொண்டிருக்கும். கண் எரிகிறது, இந்த வளையத்துக்குள் முகத்தைத் துடைக்க வழி இல்லை. இவர் வெளியே அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு ஆட்டோவில் வரும்போது, சிம்மக்கல் சிக்னலில், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார், "எடுத்துருவோம் செண்பகம். எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருப்போம். எனக்கு நீ இருந்தாப் போதும்." இதைவிட ஒரு புருஷன் என்ன சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஆட்டின தலை யாருடையது.

சத்தம் நின்றது. இந்தத் தடவை நின்றது நின்றதுதான், படுக்கை நகர்கிறது, காலில் காற்று படுகிறது. ஜெசிந்தாவின் செருப்புச் சத்தம். குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஒரு படம் மட்டும் ஆடிருச்சும்மா. அழுதீங்களா?" "இல்லையே" என்றேன். வளையத்தின் துணி நனைந்திருந்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். துணியை மாற்றினாள். "அதை மட்டும் இன்னொரு தடவை எடுத்துருவோம். கொஞ்ச நேரம்தான். எதையும் நினைக்காமப் படுத்திருங்க." மறுபடி உள்ளே போனேன். எதையும் நினைக்காமல் எப்படி இருப்பது என்று அந்தக் கொஞ்ச நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷாஹிதா டாக்டரின் அறையில் நானும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் திரையில் என் நெஞ்சு கறுப்பும் வெள்ளையுமாக, குறுக்கே வெட்டின மாதிரி. டாக்டர் பேனா நுனியால் காட்டினார். "இந்தக் கோடு நெளிஞ்சு நெளிஞ்சு கிடக்கு பாருங்க. பை கிழிஞ்சிருக்கு. ஆனா ஜெல் வெளியே போகலை. பையைச் சுத்தி உடம்பே ஒரு சவ்வு மாதிரி வளர்த்து வச்சிருக்கு, அதுக்குள்ளேயே நிக்குது." நெளிந்த அந்தக் கோட்டைப் பார்த்தேன். எப்போது கிழிந்தது? கவுண்ட்டரில் இருந்தபோதா, பஸ்ஸில் நெரிசலில் நின்றபோதா, தூக்கத்திலா? ஒரு சத்தம்கூட இல்லாமல். "நீர் ரிசல்ட்?" என்றார் இவர்.  "இன்னும் வரலைங்க சார். நல்லதா வந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி, பையையும் அந்தச் சவ்வையும் சேர்த்து எடுத்தாகணும். அந்த நோயாவே இருந்தாலும், சவ்வுக்குள்ளேயே இருந்துச்சுன்னா பெரும்பாலும் எடுத்ததோட முடிஞ்சிரும். இப்போதைக்கு அதைத் தாண்டிப் போயிருக்கிற மாதிரி படத்தில ஒண்ணும் தெரியலை." பெரும்பாலும். மறுபடி அந்த வார்த்தை. இவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார், நாற்காலி முனகியது. "எடுத்துருங்க டாக்டர். எடுத்துட்டு அப்படியே விட்ருங்க. இனி எதையும் வைக்க வேணாம். எங்களுக்கு ஆளு முக்கியம்." சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்நிய மனுஷி முன்னால் அவர் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. உள்ளங்கை சூடாக இருந்தது. நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க விருப்பம் என்ன?"

சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இவர் சொன்னதே சரி, நெஞ்சு தட்டையாக இருந்தால் என்ன, பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்கிறேன், ரெஜினா பாடுகிறாளே. ரிசல்ட் இன்னும் வரவில்லை, உள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, செத்தாலும் சாவேன், இந்த நிமிஷத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. என் உதடு அசைவது தெரிந்தது. சரி என்றுதான் வரப்போகிறது என்று நானும் காத்திருந்தேன்.

"எடுத்த பிறகு," என்று கேட்டேன், "எப்போவாவது, வழவழப்பானதுல, வேற ஒண்ணு வைக்க முடியுமா டாக்டர்?"

இவர் கை அப்படியே இருந்தது. விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. டாக்டர், ரிசல்ட் வரட்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சு, ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு வார்த்தை, சும்மா கேட்டேன் என்றோ, இல்லை வேண்டாம் டாக்டர் என்றோ, ஏதாவது ஒரு வார்த்தைக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.